அதுல எது நம்ம ராயப்பரு?

ஆஸ்திரேலியப் பயணத்துக்காக நான் போட்டு வைத்திருந்த எக்செல் தாளில் ட்வெல்வ் அப்போஸ்டல்ஸ் என்ற கடற்பாறைகளுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தேன். வண்டியை நிறுத்த ஐந்து, நடந்து போக பத்து, பார்க்க இருபது, திரும்பி நடக்க ஐந்து. வரும்போது மட்டும் எப்படிப் பாதி நேரத்தில் வந்துவிடுவோம் என்று என் மனைவி கேட்டாள். நான் பதில் யோசிப்பதற்குள் ஆயா, அதாவது அம்மாவின் அம்மா, ஒரு கேள்வி கேட்டுவிட்டது. அதோடு அந்தத் தாளை நான் பழைய மாதிரி தொடவே இல்லை.

விஷயம் இதுதான். தங்கை மெல்போர்னில் டார்னீட் பக்கம் இருக்கிறாள். ஏழு வருடமாக வா வா என்கிறாள். இந்த முறை மகளின் முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு, ஏப்ரல் நடுவில் கிளம்புவதாக முடிவு. நான், மனைவி, மகள், அம்மா. ஆயாவுக்கு 81 வயது. 75 தாண்டியவர்களுக்கு விசாவுக்கு மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள் என்று சொன்னதுமே, "என்னிய வுட்ருங்கடா, எனக்கு ஏரோப்ளேனு ஆவாது" என்று முடித்துவிட்டது. போய் இறங்கி, ஒரு வாரம் வீட்டுச் சாப்பாடு, பிறகு கிரேட் ஓஷன் ரோடு. டார்க்கியில் தொடங்கி ஆலன்ஸ்ஃபோர்டு வரை 243 கிலோமீட்டர், பெரும்பாலும் கடலை ஒட்டி. யூடியூபில் பார்க்காதவர் யாரும் இருக்க மாட்டீர்கள்.

"அப்ப இங்க இலையுதிர்காலம் அண்ணா, அருமையா இருக்கும்" என்றாள் தங்கை. அம்மா நம்பவில்லை. "சித்திரையிலயா?" பூமிக்கு அந்தப் பக்கம் எல்லாம் தலைகீழ் என்று மகள் பாட்டிக்குப் பாடம் எடுத்தாள். எனக்கு வேறு யோசனை ஓடியது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பிரித்த நம் ஆட்கள் இலை உதிர்வதற்கென்று ஒரு காலத்தை ஒதுக்கவில்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் வாசல் வேப்பமரம் மாசியில் உதிர்க்கும், பங்குனியில் துளிர்க்கும், நடுவில் பத்து நாள் அம்மா துடைப்பமும் கையுமாக மரத்தைத் திட்டுவாள். எங்கள் இலையுதிர்காலம் அவ்வளவுதான். இதில் வேடிக்கை, அந்தக் கடலோரச் சாலை நெடுக நிற்பது பெரும்பாலும் யூக்கலிப்டஸ். அது மொத்தமாக இலை உதிர்க்காத மரம். மஞ்சள் இலைக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்ட என் மனைவி, மெல்போர்ன் ஊருக்குள் வெள்ளைக்காரன் நட்ட எல்ம் மரங்களோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

திட்டம் போட உட்கார்ந்தால் அங்கே இலையுதிர்காலம் என்பது வெளிச்சக் கணக்கு. ஏப்ரல் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். ஏப்ரல் கடைசியில் ஆறு மணிக்குள் சூரியன் விழுந்துவிடும். இருட்டுகிற நேரத்தில் கங்காரு சாலைக்கு வரும், அப்போது ஓட்டாதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆகவே எங்கே சாப்பிடுவது, எங்கே தங்குவது என்பதெல்லாம் சூரியனைப் பார்த்துத்தான். ஈஸ்டர் வாரத்தைத் தவிர்த்தோம். அப்போது பெல்ஸ் பீச்சில் அலைச்சறுக்குப் போட்டி, அறை கிடைப்பது கஷ்டம்.

வண்டி ஓட்டுவது பற்றி எனக்கு உள்ளூரப் பயம்தான். தங்கை வீட்டுக்காரர் சிரித்தார். "எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல டிரெய்லருக்கு நடுவுல ஓட்டுறவரு நீங்க. இங்க வந்து பயப்படுவீங்களா மச்சான்?" அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். மெல்போர்னிலிருந்து மேற்கே போனால் கடலும் இடது கைப் பக்கம். நமக்கும் கடலுக்கும் நடுவே எதிர்வண்டி கிடையாது, ஓரம் கட்டி நிறுத்துவதும் சுலபம். எதிர்த்திசையில் வந்தால் இந்த வசதி போய்விடும். அதனால் போகும்போது கடலோரம், திரும்பும்போது கோலாக் வழியாக உள்நாட்டு நெடுஞ்சாலை. லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் சுற்றுலா வருபவருக்கு அதுவே போதும். காரை வாடகைக்குக் கொடுப்பவர் கேட்டால் காட்டலாமே என்று ஆர்டிஓவில் இன்டர்நேஷனல் பெர்மிட்டும் எடுத்துக்கொண்டேன். ஹாரன் அடிக்காமல் ஓட்டிப் பழகச் சொன்னார் மச்சான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையிலிருந்து எர்ணாவூர் வரை அடிக்காமல் போவது என்று சபதம் எடுத்துக் கிளம்பினேன். முதல் சிக்னலைக்கூடத் தாண்டவில்லை.

அம்மாவின் கவலை வேறு. மகளுக்கு வஞ்சிரக் கருவாடும் நெத்திலிக் கருவாடும் கொண்டு போகாமல் அவள் எப்படி விமானம் ஏறுவாள்? இறங்கும்போது நிரப்புகிற அட்டையில் சாப்பாட்டுப் பொருள் எது இருந்தாலும் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம் என்று தங்கை நாலு முறை போனில் சொல்லிவிட்டாள். எழுதிக் காட்டுவது குற்றமில்லை. எடுத்துக் கொட்டிவிட்டாலும் கருவாட்டோடு போயிற்று. "காசிமேட்டுலேர்ந்து வாங்கிக் காய வெச்சத அவன் குப்பைல போடுவானா?" என்றாள் அம்மா. இந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

ஆயா கேட்டது

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மடிக்கணினியில் ட்வெல்வ் அப்போஸ்டல்ஸ் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தேன். கடலுக்குள் தனித்தனியாக நிற்கும் மஞ்சள் நிறப் பாறைத் தூண்கள். பயணத்தின் உச்சமே அதுதான், உலகமெங்கிருந்தும் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஆயா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தது. "இது பேரு இன்னாடா?" பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் என்றேன். கொஞ்ச நேரம் விரலை வைத்து எண்ணியது. பிறகு கேட்டது:

"அதுல எது நம்ம ராயப்பரு?"

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ராயப்பர் என்றால் பேதுரு. ராயபுரம் என்ற பேரே அவர் வழி வந்ததுதான். அங்கே அவர் பேரில் படகுக்காரர்கள் கட்டிய கோயில் இருக்கிறது. துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்கள் தூரத்தில் நிற்கும். மசூலாப் படகுக்காரர்கள்தான் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கையும் ஆளையும் கரைக்குக் கொண்டு வருவார்கள். ஆயா பிறந்தது அந்தக் கோயில் மணி கேட்கும் தூரத்தில். அதற்கு அப்போஸ்தலர்கள் என்றால் சொந்தக்காரர்கள் மாதிரி. சொந்தக்காரர்களின் குரூப் போட்டோவில் முதலில் யாரைத் தேடுவோமோ அவரைத் தேடியது, அவ்வளவுதான்.

என்னிடம் இருந்ததெல்லாம் இணையத்தில் படித்தது. அங்கே என்றைக்குமே பன்னிரண்டு இருந்ததில்லை என்றேன். பேர் நன்றாக இருக்கட்டும் என்று வைத்தது. அதற்கு முன் பன்றியும் குட்டிகளும் என்று அழைத்தார்களாம். ஆயா முகத்தைச் சுளித்தது. 2005-ல் ஒன்று விழுந்துவிட்டது, இப்போது ஏழெட்டுதான் நிற்கிறது என்றேன். "வுயுந்தவன் யூதாசு" என்றது தயங்காமல். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம். அத்தோடு விட்டிருக்கலாம்.

"ஏன்டா இப்டி ஒண்டியா ஒண்டியா நிக்குது?" சுண்ணாம்புப் பாறை, ஆயா. முன்னே இதெல்லாம் கரைதான். அலை அடித்து அடித்துக் குடைந்து குகையாக்கும், குகை இரண்டு பக்கமும் திறந்து வளைவாகும், வளைவின் கூரை இடிந்தால் இந்த மாதிரி ஒரு தூண் மிஞ்சும், தூணின் அடியும் கரைந்தால் அதுவும் விழும். இதே சாலையில் லண்டன் பிரிட்ஜ் என்று ஒரு பாறை வளைவு இருந்தது, 1990-ல் கரையோடு சேர்ந்த பாகம் இடிந்து விழ, அந்தப் பக்கம் நின்ற இரண்டு பேரை ஹெலிகாப்டர் வைத்து மீட்டார்கள். நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஆயா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தது.

"அப்ப கடலு துன்ன மிச்சம்னு சொல்லு."

பிறகு, என்னைப் பார்க்காமல், "அத்தப் பாக்கவா அம்மாந்தூரம் போறீங்க?" என்றது. குத்தலாகச் சொல்லவில்லை. விலை விசாரிக்கிற குரலில்தான் கேட்டது.

தெண்டியும் வண்ணியும்

ஆயா கட்டிக்கொடுத்துப் போனது திருவொற்றியூர் பக்கம் ஒரு குப்பத்துக்கு. அந்த வீடு இப்போது இல்லை. சிறு வயதிலிருந்து கேட்ட கதை என்பதால் எங்கள் வீட்டில் யாருக்கும் அது கதையாகக்கூடப் படுவதில்லை. முதலில் வலை உலர்த்துகிற மணல் போனது, பிறகு தென்னை மரங்கள், பிறகு முன் தெரு, பிறகு இவர்கள் தெரு. அம்மா பத்தாவது படிக்கும்போது ஒரு ஐப்பசி ராத்திரி சாமான்களைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள்தான், மறுபடி அந்தப் பக்கம் குடிபோகவில்லை.

ஆயாவின் கேள்வி இரண்டு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை என்றால் மிகை. தூங்கினேன். ஆனால் ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போது குறுக்கே வந்தது. நான் வேலை பார்ப்பது ஒரு கிளியரிங் ஏஜென்சியில். துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர்களுக்குப் பேப்பர் போட்டு, வரி கட்டி, வெளியே எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. இருபது வருடமாக இதே துறைமுகம். வடசென்னைக் கரையைக் கடல் ஏன் தின்றது என்பது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் நீட்டத் தொடங்கினார்கள். தெற்கிலிருந்து கரையோரமாக வடக்கே போய்க்கொண்டிருந்த மணலை அது மறித்தது. தெற்கே தங்கிய மணலில் மெரினா அகலமாயிற்று. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. உலகத்திலேயே நீளமான கடற்கரைகளில் ஒன்று என்று நாம் பெருமை பேசிக்கொண்டு சுண்டல் தின்கிற இடத்தில், ஆயா வீட்டு வாசல் மணலும் கொஞ்சம் இருக்கும். அந்தத் துறைமுகத்துக் கண்டெய்னரில்தான் என் சம்பளம், அந்தச் சம்பளத்தில்தான் நான்கு பேருக்கு விமான டிக்கெட். எதற்கு? கடல் தின்ற மிச்சத்தைப் பார்க்க.

மச்சானிடம் போனில் சொன்னேன். அவர் இன்ஜினியர், உணர்ச்சிவசப்பட மாட்டார். "ரெண்டும் ஒண்ணா மச்சான்? இங்க நடக்கறது இயற்கை. பாறையோட அடி வருஷத்துக்கு ரெண்டு சென்டிமீட்டர் கரையுதும்பாங்க. அங்க நடந்தது மனுஷன் வெச்ச வெனை. ஒரு தலைமுறைல மூணு தெரு. இதையும் அதையும் முடிச்சுப் போடாதீங்க." அவர் சொன்னது சரி. எனக்கும் அந்த ஒப்புமை கொஞ்சம் வசதியாக வந்து உட்கார்ந்துகொண்டதோ என்ற சந்தேகம் உண்டு. ஆனால் பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். அப்போலோ பே பக்கத்தில் அந்தச் சாலையையே கடல் கடிக்கிறது, அங்கேயும் கரையில் கல் கொட்டியிருக்கிறார்கள் என்று. இதை ஆயாவிடம் சொன்னபோது அதற்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "அங்கியும் கல்லு கொட்றானா?" ஏதோ நம் ஊர் ஆள் ஒருவரை அங்கே பார்த்த மாதிரி.

அடுத்த சனிக்கிழமை ஆட்டோ பிடித்து ஆயாவை அழைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸ் ரோட்டுக்குப் போனேன். அது கேட்கவில்லை. நான்தான் கூப்பிட்டேன். எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன், ஒரு முறையும் நிறுத்தியதில்லை. நிறுத்துகிற மாதிரி இடமும் இல்லை. ஒரு பக்கம் டிரெய்லர் வரிசை, இன்னொரு பக்கம் கருங்கல் குவியல், நடுவே தூசி. ஆட்டோக்காரர், "இங்க இன்னாப்பா இருக்கு பாக்க?" என்று கேட்டார். ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு கல் விளிம்பு வரை வந்தது. கடலைப் பார்க்கவில்லை. முதலில் திரும்பி நின்று கரையைப் பார்த்தது. தூரத்தில் ஒரு கோபுரம், இந்தப் பக்கம் ஒரு பழைய ஆலையின் புகைபோக்கி. இரண்டையும் பார்த்தபடி நாலு அடி வடக்கே நகர்ந்தது, பிறகு இரண்டடி திரும்பி வந்தது. கடலுக்குப் போகிறவர்கள் வலை போட்ட இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கக் கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் கொண்டுவருவார்கள். தாத்தாவிடம் பார்த்துக் கற்றிருக்க வேண்டும். பிறகுதான் கடல் பக்கம் திரும்பியது.

"அதோ தூண்டில் வளைவு முடியுது பாரு. அதுக்கு அப்பால ரெண்டாவது அலை ஒடையுதே, அங்கதான் அடுப்பு."

தூண்டில் வளைவு என்பது அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கொட்டிய கல் வரிசை. நான் பார்த்தேன். அலைதான் உடைந்தது. எந்தத் தூணும் நிற்கவில்லை. மண் சுவர், ஓலைக் கூரை, எது மிஞ்சும்? ஆயா கல் மேல் உட்கார்ந்துகொண்டது. நான் ஆபீஸ் நண்பர்களிடம் இன்ஜினியரிங் வார்த்தைகளில் விளக்குகிற விஷயத்தை அது இப்படிச் சொன்னது: "தெண்டி வந்தா மண்ண இட்டாரும். வண்ணி வந்தா கொஞ்சம் இட்டும்பூடும். ஹார்பரு வந்த அப்பால தெண்டி வெறுங்கையோட வருது." தெண்டி தெற்கிலிருந்து வரும் நீரோட்டம், வண்ணி வடக்கிலிருந்து வருவது. வெறுங்கையோடு வருகிற விருந்தாளியைப் பற்றிப் பேசுகிற எரிச்சல் அந்தக் குரலில் இருந்தது. கோபம் இல்லை.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. ஆட்டோக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

தாள் மாறியது

மச்சான் திட்டம் ஒரே நாள். விடியற்காலை கிளம்பி, கோடு போட்டு ஓட்டி, எல்லாவற்றிலும் இறங்கிப் படம் எடுத்து, ராத்திரி வீடு. பஸ் டூர்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். நான் மூன்று நாளாக்கினேன். செலவு கூடுகிறது, இரண்டு ராத்திரி அறை. மனைவி மறுப்புச் சொல்லவில்லை. ஏப்ரல் 25 அன்று ஈஸ்டர்ன் வியூவில் இருக்கும் நினைவு வளைவைத் தாண்டுவோம். அன்றைக்கு அங்கே போரில் இறந்தவர்களின் நினைவு நாள். அந்தச் சாலையே முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள், 1919 முதல் 1932 வரை, செத்துப்போன தோழர்களுக்காக மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் வெட்டியது. சுமார் 3,000 பேர். இதற்கும் வடசென்னைக்கும் ஒரு நூல் உண்டு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன் கப்பலை, அதே நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுப் பக்கம் மடக்கி அடித்தது சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பல்தான். இதை அம்மாவிடம் சொன்னதும், "உங்க தாத்தாவுக்கே எம்டன்னுதான் பேரு, அவர எந்தக் கப்பல் அடக்குச்சு?" என்றாள். ஆயா காதில் விழாத மாதிரி இருந்துகொண்டது.

கெனட் ரிவரில் மரத்தில் கோலா தூங்கும், அது மகளுக்கு. இரண்டாவது ராத்திரி போர்ட் கேம்பல். அதனால் இரண்டாம் நாள் மாலையும் மூன்றாம் நாள் காலையும் அந்தப் பாறைகளுக்குப் பக்கத்திலேயே இருப்போம். லாக் ஆர்ட் என்ற கப்பல் 1878-ல் உடைந்த குடாவும் அங்கேதான். 54 பேரில் பிழைத்தது டாம், ஈவா என்ற இரண்டு இளவட்டங்கள். அந்தப் பையன்தான் நீந்திப் போய் அவளைக் கரைக்கு இழுத்து வந்தான். "ரெண்டும் கண்ணாலம் கட்டிக்கினாங்களா?" என்று ஆயா கேட்டது. இல்லை, அவள் அயர்லாந்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். அங்கே பக்கத்திலிருந்த ஒரு பாறை வளைவு 2009-ல் இடிந்தபோது, மிஞ்சிய இரண்டு தூண்களுக்கு டாம், ஈவா என்று பேர் வைத்தார்கள். "சேத்து வெச்சிட்டானுங்க" என்றது ஆயா, திருப்தியாக.

எக்செல் தாளில் நிமிடக் கணக்குப் பத்தி இப்போது இல்லை. அந்த வரியில் ஒன்று மட்டும் எழுதியிருக்கிறேன்: ஆயாவுக்கு வீடியோ கால். யோசனை அதனுடையது. "போன்ல காட்டு. எதுன்னு நான் சொல்றன்." அங்கே சிக்னல் கிடைக்குமா என்று தங்கை சந்தேகப்படுகிறாள். கிடைத்தால், அங்கே சூரியன் விழும் நேரம் இங்கே மதியம் ஒன்றேகால். ஆயா சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற நேரம் அது. அன்றைக்கு மட்டும் படுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறது.